மெடிக்கல் ஸ்கூலில் இடம் கிடைத்தாயிற்று, பணம்? – வாசகர் கேள்விகள்

இளங்கலைப் படிப்புக்கான நிதியுதவி பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், "அது சரி, மெடிக்கல் ஸ்கூலுக்கு என்ன செய்வது?" என்றே கேட்டன. அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றின் நிதியுதவி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். "டாக்டராகிவிட்டால் ரெண்டே வருஷத்தில் அடைத்துவிடலாம்" என்று சொல்லிக்கொண்டே காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் நம்மவர்களை நிறையப் பார்த்தாயிற்று. அதனால் பதில்கள் அங்கங்கே கொஞ்சம் காரமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வணக்கம் அம்மா. இந்த ஆகஸ்டில் மகள் மெடிக்கல் ஸ்கூலில் சேர்கிறாள். கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தில் வருடச் செலவு 98,000 டாலர், நிதியுதவி 98,000 டாலர், நீங்கள் கட்ட வேண்டியது 0 என்று போட்டிருக்கிறது. என் கணவர் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஸ்வீட் கொடுத்துவிட்டார். உள்ளே கல்லூரி கிராண்ட் 18,000, ஃபெடரல் கடன் 50,000, கூடுதல் கடன் 30,000 என்று மூன்று வரிகள் இருக்கின்றன. எல்லாம் சரிதானே? – ஒரு தாய், எடிசன், நியூ ஜெர்சி

ஸ்வீட் கொடுத்தது தப்பில்லை, இடம் கிடைத்ததே பெரிய விஷயம். ஆனால் அந்த சைபரைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். சிவப்புப் பேனாவை எடுத்து 18,000 என்ற வரியை மட்டும் வட்டமிடுங்கள். உங்களுக்குக் கிடைத்த உதவி அவ்வளவுதான். மற்ற 80,000 டாலரும் உங்கள் மகள் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய பணம். முதல் வருடத்துக்கு மட்டும்.

இப்போது அந்த 50,000. ஃபெடரல் கடனில், படிக்கும் காலத்தில் அரசே வட்டி கட்டிக்கொள்ளும் வகை ஒன்று இருந்தது. மெடிக்கல் ஸ்கூல் போன்ற மேற்படிப்பு மாணவர்களுக்கு அது 2012 ஜூலையோடு நின்றுவிட்டது. ஆகவே பணம் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும். 2025-26 கல்வியாண்டுக் கடனுக்கு வட்டி 7.94 சதவீதம். புதுக் கடனுக்கான விகிதம் வருடா வருடம் மாறும் என்றாலும் கணக்குக்கு இதையே வைத்துக்கொள்வோம். 50,000 டாலருக்கு வருட வட்டி 3,970 டாலர். முதல் வருடக் கடனுக்கு நாலு வருட வட்டி, இரண்டாவதற்கு மூன்று, இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் பட்டம் வாங்கும்போது 2 லட்சம் அசலோடு ஏறக்குறைய 40,000 டாலர் வட்டியும் சேர்ந்து நிற்கும். தவணையாகப் பணம் வருவதால் சற்றுக் குறையலாம். இன்னும் ஒரு நோயாளியைக்கூட அவள் தனியாகப் பார்த்திருக்க மாட்டாள்.

எனக்கு உறுத்துவது அந்த 30,000 வரிதான். முன்பெல்லாம் மீதித் தொகை எவ்வளவானாலும் கிராட் பிளஸ் என்ற ஃபெடரல் கடனை வாங்கி ஒப்பேற்றிவிடலாம். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அந்தக் கதவை மூடிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் கிடையாது. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு வருடம் 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர்தான் ஃபெடரல் கடன். அப்படியானால் அந்த 30,000 யார் தரும் கடன்? கல்லூரியே தன் நிதியிலிருந்து குறைந்த வட்டிக்குத் தருகிறதா, அல்லது "தனியார் வங்கியில் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்" என்பதற்கு அந்த வரியில் இடம் ஒதுக்கியிருக்கிறார்களா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மகளை விட்டு நிதியுதவி அலுவலகத்துக்கு இரண்டு கேள்வி எழுதச் சொல்லுங்கள். 30,000 யாருடைய கடன், என்ன வட்டி? 18,000 கிராண்ட் நாலு வருடமும் வருமா, எந்த நிபந்தனையில் நிற்கும்? பதிலை ஈமெயிலில் வாங்குங்கள். போனில் சொன்னது நாளைக்கு நிற்காது.

அப்புறம் அந்த 98,000-ல் வாடகை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் கல்லூரி போட்ட உத்தேசக் கணக்கு. அவ்வளவையும் கடனாக எடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கூட ஒருத்தியோடு அறையைப் பகிர்ந்துகொண்டு வருடத்துக்கு 8,000 மிச்சம் பிடித்தாலும் லாபம்தான். ஃபெடரல் கடனை வாங்கிய பிறகு தேவைப்படவில்லை என்றால் 120 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். அனுப்பிய தொகைக்கு வட்டியும் இல்லை, கடன் தரும்போது பிடித்துக்கொண்ட கட்டணமும் இல்லை. இதைச் செய்கிற மாணவர்கள் ரொம்பக் குறைவு. நடுவில் கையில் கொஞ்சம் காசு புரண்டால் நமக்கு மனசு வராது.

கேள்வி: மேடம், என் பெண்ணுக்கு வயது 24. ஃபெடரல் நிதியுதவிக்கான ஃபாஃப்ஸா படிவத்தில் அவள் சுதந்திர மாணவி என்று வருகிறது, பெற்றோர் வருமானம் கேட்கவே இல்லை. ஆனால் கல்லூரி எங்கள் இருவரின் வரிக் காகிதங்களையும் கேட்கிறது. எதற்குக் கொடுக்க வேண்டும்? கோயம்புத்தூரில் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டையும் சொல்ல வேண்டுமா? – ஒரு தந்தை, சிகாகோ புறநகர்

இரண்டும் வேறு வேறு பணம், ஐயா. ஃபெடரல் கடன் அரசின் பணம். மேற்படிப்பு என்றாலே, வயது என்னவாக இருந்தாலும், அரசு மாணவரைத் தனி ஆளாகத்தான் பார்க்கும். கிராண்ட் கல்லூரியின் சொந்தப் பணம். அதை யாருக்குக் கொடுப்பது என்று அவர்கள் தீர்மானிப்பதால், குடும்பத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். முப்பது வயதில் கல்யாணமாகிக் குழந்தையோடு வரும் மாணவரிடமும் அப்பா அம்மாவின் வரிப் படிவத்தைக் கேட்கும் கல்லூரிகள் உண்டு. கொடுக்காவிட்டால் அபராதம் எதுவும் இல்லை. ஆனால் தேவை அடிப்படையில் தரும் கிராண்டுக்கு அவள் பெயரையே பரிசீலிக்க மாட்டார்கள்.

"எங்கள் சம்பளத்துக்கு எங்கே தரப்போகிறார்கள்" என்று படிவத்தையே நிரப்பாமல் விட்டுவிடும் வீடுகள்தான் என்னை அதிகம் எரிச்சல்படுத்தும். 2024-ல் மைக்கேல் புளூம்பெர்க் அறக்கட்டளை கொடுத்த 100 கோடி டாலரை வைத்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி குடும்ப வருமானம் 3 லட்சம் டாலருக்குக் கீழே இருந்தால் கல்விக் கட்டணமே வேண்டாம் என்று அறிவித்தது. 1,75,000 டாலர் வரை இருந்தால் வாழ்க்கைச் செலவும் சேர்த்து. இருவரும் ஐ.டி.யில் வேலை பார்க்கும் பல வீடுகள் இந்த வரம்புக்குள் வந்துவிடும். எல்லாக் கல்லூரியும் ஹாப்கின்ஸ் ஆகிவிடாது. ஆனால் படிவத்தை நிரப்பாதவருக்கு எந்தக் கல்லூரியும் ஒன்றும் தராது.

கோயம்புத்தூர் வீட்டுக்கு வருவோம். சொத்து பற்றிப் படிவத்தில் கேள்வி இருந்தால் எழுதத்தான் வேண்டும்; கடல் கடந்து இருக்கிறது என்பது விலக்கு ஆகாது. அந்த வாடகையை அமெரிக்க வரிப் படிவத்திலும் காட்டியிருக்க வேண்டும். அங்கே காட்டி இங்கே மறைத்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறவர் கண்டுபிடித்துவிடுவார். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் சொல்கிறேன். மாறாக, வீடு அண்ணன் தம்பி பேரில் கூட்டாக இருக்கிறது, விற்க முடியாது, வாடகை மருத்துவச் செலவுக்கே ஊருக்குப் போகிறது என்றால் அதை ஒரு பக்கக் கடிதமாக எழுதி இணையுங்கள். படிவத்தின் கட்டத்துக்குள் அடங்காத விஷயங்களைப் படிக்கத்தான் அங்கே ஆள் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். கிரீன் கார்டு வரிசையில் பல வருடமாக நிற்கிறோம். மகன் என்னைச் சார்ந்த எச்-4 விசாவில், இளங்கலை மூன்றாம் ஆண்டு, 20 வயது. ஐந்து வயதில் இங்கே வந்தவன். டாக்டராக வேண்டும் என்கிறான். அவனுக்குக் கடன் கிடைக்குமா? – ஒரு தந்தை, டாலஸ்

இந்தக் கேள்விக்குப் பதில் எழுத ஒவ்வொரு முறையும் கை தயங்கும். ஃபெடரல் கடன் கிடைக்காது. குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், அகதி அந்தஸ்து போன்ற சில வகையினர், இவர்களுக்குத்தான் அது. எச்-4, மாணவர் விசாவான எஃப்-1 இரண்டும் அந்தப் பட்டியலில் இல்லை. கிரீன் கார்டுக்கு மனுப் போட்டு, கையில் வேலை அனுமதி அட்டை இருந்தாலும் போதாது. கார்டு கைக்கு வர வேண்டும்.

21 வயதில் அவன் எச்-4-லிருந்து வெளியே வந்துவிடுவான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். குழந்தைகளின் வயதைக் கணக்கிடும் தனிச் சட்டம் ஒன்று இருக்கிறது. உங்கள் மனு நிலுவையில் இருந்த காலத்தை அவன் வயதிலிருந்து கழிக்க முடியுமா என்று குடியேற்ற வழக்கறிஞரிடம் இந்த மாதமே கேளுங்கள், அடுத்த வருடம் அல்ல. பணக் கேள்விக்கும் இந்த விசா கேள்விக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அவன் விண்ணப்பிக்கும்போது எந்த அந்தஸ்தில் இருக்கிறான் என்பதை வைத்துத்தான் பாதிக் கல்லூரிகளின் கதவு திறக்கிறதா என்பதே தெரியும். பல அரசு மருத்துவக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர் விண்ணப்பத்தைப் பார்ப்பதே இல்லை. பார்க்கும் தனியார் கல்லூரிகளிலும் சில, ஒரு வருடம் முதல் நாலு வருடம் வரையிலான முழுச் செலவையும் முன்கூட்டியே தனிக் கணக்கில் போட்டுக் காட்டச் சொல்லும். அந்தத் தொகையைப் பார்த்து மயங்கி விழுந்த அப்பாக்கள் உண்டு.

ஆனால் கதவு முழுக்க மூடவில்லை. வெளிநாட்டு மாணவருக்கும் தங்கள் கிராண்டைக் கொடுக்கும் கல்லூரிகள், கை விரல் விட்டு எண்ணும்படி என்றாலும், இருக்கின்றன. மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி. நடத்தும் எம்.எஸ்.ஏ.ஆர். என்ற தகவல் தொகுப்பில் ஒவ்வொரு கல்லூரியும் யாரை ஏற்கிறது என்று போட்டிருப்பார்கள். அதில் பார்த்து ஒரு சின்னப் பட்டியல் தயார் செய்து, ஒவ்வொரு கல்லூரிக்கும் தனியாக எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள உறவினர் கோ-சைன் செய்தால், அதாவது கடனுக்குத் தானும் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டால், சில தனியார் வங்கிகள் கடன் தரும். அது பற்றிக் கீழே இன்னொரு பதிலில் எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு மச்சானிடம் போய்க் கேளுங்கள்.

அவனுக்கு ஆராய்ச்சியில் உண்மையாகவே பிடிப்பு இருந்தால் எம்.டி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்பைப் பார்க்கலாம். கட்டணம் இல்லை, மாதம் உதவித்தொகையும் உண்டு, ஏழெட்டு வருடம் ஆகும். இதற்கு தேசிய சுகாதார நிறுவனம் தரும் பணம் குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும்தான். ஆனால் சில கல்லூரிகள் தங்கள் சொந்தப் பணத்தில் மற்றவர்களையும் எடுக்கின்றன. இலவசம் என்பதற்காக மட்டும் அதில் போய் உட்காரக்கூடாது. பிஎச்.டி. நடுவில் விட்டுவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஆன்ட்டி, எனக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று பேர் பெற்றது, உதவி ஒன்றுமில்லை. இன்னொன்று எங்கள் மாநில அரசுக் கல்லூரி, கட்டணம் பாதிக்கும் குறைவு. வீட்டில் எல்லோரும் பேர் பெற்றதற்கே போகச் சொல்கிறார்கள். கட்டணமே வாங்காத கல்லூரிகளும் இருக்கிறதாமே? – ஒரு மாணவி, ஒஹாயோ

அரசுக் கல்லூரி. வீட்டில் திட்டினால் இந்தப் பக்கத்தைக் காட்டு.

பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் செய்யும் பயிற்சியான ரெசிடென்சிக்கு உன்னை எடுப்பவர்கள் தேர்வு மதிப்பெண், மருத்துவமனைச் சுற்றுகளில் வாங்கிய பெயர், பரிந்துரைக் கடிதம் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். கல்லூரிப் பெயருக்கும் மதிப்பு உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றரை லட்சம் டாலர் கூடுதல் கடனுக்கு ஈடான மதிப்பா? குழந்தைகள் நல மருத்துவமோ குடும்ப மருத்துவமோ எடுக்க ஆசை இருந்தால் நிச்சயம் இல்லை. அந்தத் துறைகளில் சம்பளம் அறுவை சிகிச்சை நிபுணர்களுடையதைவிட வெகுவாகக் குறைவு, கடன் மட்டும் எல்லோருக்கும் ஒரே கடன்தான். கடனைப் பார்த்துப் பயந்தே துறையை மாற்றிக்கொண்ட பிள்ளைகள் உண்டு.

அதற்கு முன் ஒன்று செய். பேர் பெற்ற கல்லூரிக்கு, "உங்களிடம் வர ஆசைப்படுகிறேன், இன்னொரு கல்லூரியில் செலவு இவ்வளவு குறைவு, மறுபரிசீலனை செய்ய முடியுமா" என்று பணிவாக ஒரு கடிதம் எழுது, மற்ற கல்லூரியின் கடிதத்தையும் இணை. பேரம் பேசுவது போல இருக்கிறதே என்று கூச்சப்படாதே. அவர்களுக்கு இது தினமும் வரும் கடிதம். ஏப்ரல் 30-க்குள் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதால் ஏப்ரல் தொடக்கத்திலேயே அனுப்பிவிடு.

முற்றிலும் கட்டணமே வாங்காத கல்லூரிகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். கிளீவ்லாண்ட் கிளினிக் லெர்னர் கல்லூரி 2008 முதல், நியூயார்க் பல்கலைக்கழகம் (என்.ஒய்.யூ.) 2018 முதல். பிராங்ஸில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் கல்லூரிக்கு 2024-ல் அங்கே பேராசிரியராக இருந்த ரூத் காட்ஸ்மன் 100 கோடி டாலர் கொடுத்தார், அதிலிருந்து அங்கும் இல்லை. எல்லாமே கல்விக் கட்டணம் மட்டும். நியூயார்க் வாடகை உன் கையிலிருந்துதான்.

கேள்வி: மகன் ராணுவ ஸ்காலர்ஷிப்பில் சேரப்போவதாகச் சொல்கிறான். எங்கள் வீட்டில் யாரும் பட்டாளத்துக்குப் போனதில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை. – ஒரு தாய், ராலே, வட கரோலினா

துப்பாக்கி தூக்கிக்கொண்டு முன்வரிசையில் நிற்கப்போவதில்லை அம்மா, அவன் மருத்துவ அதிகாரி. எச்.பி.எஸ்.பி. என்ற அந்தத் திட்டத்தில் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் ஆள் எடுக்கின்றன. கல்விக் கட்டணம், புத்தகம், கருவிகள் எல்லாம் அவர்கள் செலவு, மாதம் 2,000 டாலருக்கு மேல் உதவித்தொகை. குடியுரிமை இருக்க வேண்டும். பதிலுக்கு, எத்தனை வருடம் பணம் வாங்கினானோ அத்தனை வருடம் பணி.

கையெழுத்துக்கு முன் அவன் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறானா என்று நீங்கள் சோதிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ரெசிடென்சிக்கு அவன் முதலில் ராணுவத்தின் சொந்தத் தேர்வுமுறைக்குப் போக வேண்டும். அந்த வருடம் அவர்களுக்கு எத்தனை தோல் மருத்துவர், எத்தனை எலும்பு மருத்துவர் தேவையோ அவ்வளவு இடம்தான். விரும்பிய துறை தள்ளிப்போகலாம். ரெசிடென்சிக் காலம் அந்தப் பணி வருடங்களைக் கழிக்கும் கணக்கில் சேராது. எங்கே பணி, எப்போது வெளிநாடு என்பதை முடிவு செய்வது அவனல்ல. இதெல்லாம் தெரிந்தும் அவனுக்கு அந்த வாழ்க்கை பிடித்திருந்தால், நீங்கள் தாராளமாகத் தூங்கலாம். கடனுக்குப் பயந்து மட்டும் போகிறான் என்றால் தடுத்து நிறுத்துங்கள்.

சீருடை வேண்டாம், ஆனால் சேவை செய்யத் தயார் என்றால் தேசிய சுகாதார சேவைப் படை (என்.எச்.எஸ்.சி.) தரும் ஸ்காலர்ஷிப் இருக்கிறது. இதற்கும் குடியுரிமை வேண்டும். டாக்டர்கள் போதாத ஊர்களில் குடும்ப மருத்துவம் போன்ற அடிப்படை மருத்துவத் துறைகளில் இரண்டு முதல் நாலு வருடம் வேலை செய்ய வேண்டும். நடுவில் மனம் மாறி ஒப்பந்தத்தை முறித்தால் பணம் மூன்று மடங்காக, வட்டியோடு திரும்பக் கேட்பார்கள். இருபத்திரண்டு வயதில் "குடும்ப மருத்துவம்தான் என் உயிர்" என்று சொன்னவர்கள் இருபத்தாறில் இதய சிகிச்சைக்கு ஓடுவது சகஜம்.

கேள்வி: அண்ணன் மகள் மெடிக்கல் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறாள். சித்தப்பாவாக நான் 40,000 டாலர் கொடுக்க நினைக்கிறேன். கிஃப்ட் டாக்ஸ் வருமா? – ஒரு வாசகர், சான் ஹோசே

நல்ல சித்தப்பா. பணத்தை அவள் கையில் கொடுக்காமல் கல்லூரிக்கே நேரடியாகக் கல்விக் கட்டணமாகக் கட்டினால் எவ்வளவு தொகையானாலும் கிஃப்ட் டாக்ஸ் கணக்கில் வராது. வாடகை, சாப்பாடு, புத்தகத்துக்கு இந்தச் சலுகை இல்லை. அதற்கென்று அவளிடம் தருவது 2025 கணக்கில் 19,000 டாலரைத் தாண்டினால் நீங்கள் ஒரு படிவம் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். அது தாக்கல்தான், வரி பெரும்பாலும் வராது. ஆனால் கட்டுவதற்கு முன் அவளைக் கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து வரும் பணத்துக்கு ஈடாகத் தங்கள் கிராண்டைக் குறைத்துவிடும் கல்லூரிகள் இருக்கின்றன. அப்படியென்றால் இப்போது கட்டாமல், அவள் படித்து முடித்த பிறகு கடனை அடைக்கக் கொடுப்பது மேல். அதற்குக் கட்டணச் சலுகை பொருந்தாது, ஆகவே வருடா வருடம் பிரித்துக் கொடுங்கள்.

கேள்வி: வருடம் 50,000 டாலர் ஃபெடரல் கடன் போக 35,000 துண்டு விழுகிறது. தனியார் வங்கி என்னைக் கோ-சைன் செய்யச் சொல்கிறது. அல்லது என் ஓய்வுக்கால சேமிப்பான 401(கே)-யிலிருந்து எடுக்கலாமா, வீட்டின் மேல் கடன் வாங்கலாமா? எனக்கு 56 வயது. – ஒரு தந்தை, அட்லாண்டா

கோ-சைன் என்பதைப் பலர் சிபாரிசுக் கையெழுத்து மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். ஐயா, அது உங்கள் கடன். மகன் ஒரு தவணை தவறினாலும் உங்கள் கிரெடிட் ஸ்கோர் விழும், வங்கி உங்களைத்தான் கூப்பிடும். நாலு வருடத்தில் 1,40,000 டாலர், அதோடு நாலு வருட வட்டி. உங்களுக்கு 60 ஆகும்போது அவன் ரெசிடென்சியில் வருடம் அறுபதோ எழுபதோ ஆயிரம் சம்பாதித்துக்கொண்டிருப்பான்.

ஃபெடரல் கடனில் சம்பளத்துக்கு ஏற்பத் தவணை உண்டு. லாப நோக்கமற்ற மருத்துவமனையில் வேலை பார்த்தால் பத்து வருடத்தில் தள்ளுபடி உண்டு. கடன் வாங்கியவர் இறந்தால் கடன் ரத்து. தனியார் கடனில் முதல் இரண்டும் கிடையாது, ரெசிடென்சிக் காலத்தில் தவணையைத் தள்ளிப்போடுவதுகூட வங்கிக்கு வங்கி மாறும். ஆகவே அது கடைசி இடம். அதற்கு முன்: கல்லூரி தரும் சொந்தக் கடன் இருக்கிறதா, அடிப்படை மருத்துவத்துக்குப் போவதாக உறுதி தரும் மாணவர்களுக்கு 5 சதவீத வட்டியில் கிடைக்கும் பிரைமரி கேர் லோன் அந்தக் கல்லூரியில் உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். இதற்கும் உங்கள் வருமானக் காகிதத்தைக் கல்லூரி கேட்கலாம்.

401(கே)-யிலிருந்து கடன் எடுத்தால் வேலை போகும் நாளில் அது கழுத்தைப் பிடிக்கும். குறிப்பிட்ட காலத்துக்குள் திருப்பிக் கட்டாவிட்டால் வருமானமாகக் கருதி வரி போடுவார்கள். ஐ.டி.யில் 56 வயதில் வேலை நிச்சயம் என்று உங்களால் சொல்ல முடியுமா? நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத் தொடவே மாட்டேன். வீட்டின் மேல் கடன், வட்டி குறைவாக இருந்து, வீட்டுக் கடனில் பெரும்பகுதி அடைந்திருந்தால் மட்டும். 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் ஏதாவது மிச்சம் இருந்தால் அதை மெடிக்கல் ஸ்கூலுக்கும் பயன்படுத்தலாம், தம்பி தங்கை பேரில் உள்ளதைக்கூட இவன் பேருக்கு மாற்றலாம். இது தெரியாமல் அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்த வீடுகள் உண்டு.

கேள்வி: பத்து வருடத் தள்ளுபடி என்பது உண்மையா? யாருக்காவது கிடைத்திருக்கிறதா? – ஒரு மாணவர், ஹூஸ்டன்

உண்மைதான், தம்பி. பி.எஸ்.எல்.எஃப். என்ற இந்தத் திட்டம் 2007-லிருந்து இருக்கிறது. ஆரம்பத்தில் விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலானோரைத் திருப்பி அனுப்பினார்கள், அதனால்தான் இந்தச் சந்தேகம். பிறகு விதிகளைச் சரிசெய்தார்கள், லட்சக்கணக்கானவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. அரசு அல்லது லாப நோக்கமற்ற நிறுவனத்தில் முழுநேரமாக வேலை பார்த்துக்கொண்டு, தகுதியான திட்டத்தில் 120 மாதத் தவணை கட்டினால் மீதி ரத்து. ரத்தான தொகைக்கு ஃபெடரல் வரியும் இல்லை.

டாக்டர்களுக்கு இதில் ஒரு வசதி: பெரும்பாலான பயிற்சி மருத்துவமனைகள் லாப நோக்கமற்றவை, ஆகவே ரெசிடென்சிக் காலமும் கணக்கில் சேரும். 2026 ஜூலைக்குப் பின் வாங்கும் கடனுக்கு, வருமானத்துக்கு ஏற்பக் கட்டும் திட்டம் என்றால் ஆர்.ஏ.பி. ஒன்றுதான். ரெசிடென்டாக 65,000 டாலர் வருமானம், கல்யாணமாகவில்லை, பிள்ளை இல்லை என்றால் அதில் 6 சதவீதம், மாதம் 325 டாலர். 2 லட்சம் கடனுக்கு வட்டியே மாதம் 1,300-க்கு மேல் வரும். ஆனால் தவணையை ஒழுங்காகக் கட்டினால் மிச்ச வட்டியைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். பின்னால் சம்பளம் இரண்டரை லட்சம் ஆகும்போது 10 சதவீதம், மாதம் 2,000-க்கு மேல் போகும்.

வருடத்துக்கு ஒருமுறை வேலை கொடுப்பவரின் கையெழுத்தோடு சான்றுப் படிவம் அனுப்பு. பத்து வருடம் கழித்து மொத்தமாகத் தேடினால் பழைய மருத்துவமனையே வேறு பேரில் இருக்கும்.

கேள்வி: விண்ணப்பிக்கவே பணம் பிடிக்கிறதே? – ஒரு மாணவி, டிட்ராய்ட்

பிடிக்கும். ஏ.எம்.சி.ஏ.எஸ். என்ற பொது விண்ணப்பம் வழியாக 2025-ல் முதல் கல்லூரிக்கு 175 டாலர், அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 45-க்கு மேல், பிறகு கல்லூரிகளே தனியாகக் கேட்கும் கட்டணம். குறைந்த வருமானமுள்ள குடும்பம் என்றால் ஏ.ஏ.எம்.சி.யின் ஃபீ அசிஸ்டன்ஸ் திட்டத்தில் எம்கேட் நுழைவுத் தேர்வுக் கட்டணம் குறையும், விண்ணப்பக் கட்டணமும் பல கல்லூரிகளுக்குத் தள்ளுபடியாகும். ஆனால் காசு கட்டுவதற்கு முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கட்டியதைத் திருப்பித் தரமாட்டார்கள்.

கேள்வி: நான் இப்போது இரண்டாம் ஆண்டு. முதல் வருடம் கிராட் பிளஸ் வாங்கினேன். எனக்கும் நின்றுவிடுமா? – ஒரு மாணவர், பாஸ்டன்

2026 ஜூன் 30 அன்று அந்தப் படிப்பில் சேர்ந்திருந்து, அதற்காக ஏற்கெனவே ஃபெடரல் கடன் வாங்கியிருந்தால், மூன்று வருடம் அல்லது மீதிப் படிப்புக் காலம், எது குறைவோ அதுவரை பழைய விதிப்படி வாங்கலாம். உனக்குப் படிப்பு முடியும்வரை போதும். ஆனால் கல்லூரி மாறுவது, நடுவில் ஒரு வருடம் நிறுத்தி ஆராய்ச்சிக்குப் போவது போன்ற யோசனை ஏதாவது இருந்தால், முடிவெடுப்பதற்கு முன் உன் நிதியுதவி அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்.